துப்பாக்கிக்கு ஒரு பெட்டி

அமெரிக்க விமானங்களில் பயணிகள் துப்பாக்கியைக் கைப்பையில் கொண்டுசெல்ல இயலாது. தோட்டா நீக்கி, பூட்டிய கடினப் பெட்டியில் வைத்து, விமான நிறுவனத்திடம் அறிவித்து ஒப்படைக்க வேண்டும்.

பெட்டி வாங்குவோர் பக்கங்களைத் தட்டிப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியவை மூலைகள். நடுவே ஒற்றைப் பூட்டுத் தொங்க, மூலையை நெம்பினால் விரல் நுழையுமாயின் அது பெட்டியே அன்று. துப்பாக்கியுடன் கடையில் தரப்படும் பெட்டியும் இச்சோதனையில் தேறாது போகலாம்.

உள்ளே ஆயுதம் உண்டென்று வெளியே சீட்டு ஒட்டுவதற்கு விமான நிறுவனங்களுக்கு அந்நாட்டுச் சட்டம் தடை விதித்துள்ளது. அப்படியிருக்க, துப்பாக்கி நிறுவனத்தின் சின்னம் பொறித்த பெட்டியைப் பெருமையுடன் தூக்கிச் செல்வது திருடனுக்கு விடுக்கும் அழைப்பன்றி வேறென்ன? துணி திருடுபோனால் உடையவருக்கு இழப்பு. துப்பாக்கி திருடுபோனால் முன்பின் அறியாத ஒருவரின் உயிருக்கே ஆபத்து. மூலைகள் உறுதியான, உள்ளிருப்பதைக் காட்டிக்கொடாத எளிய பெட்டியே சிறந்தது.