பிள்ளையைக் கொடுத்தால்தான் மருத்துவமா?

வானை முட்டும் மாளிகை, வண்டி வண்டியாய் டாலர்! அமெரிக்காவைப் பற்றிச் சீமான்கள் தீட்டிக் காட்டும் சித்திரம் இது. அதன் மறுபுறத்தைச் சற்றே திருப்பிப் பார்ப்போம், தோழர்களே!

அங்கே நெப்ராஸ்கா என்றொரு மாநிலம். பெற்ற சிசுவைக் குப்பைத் தொட்டியில் வீசாதீர். மருத்துவமனையில் விட்டுச் செல்லுங்கள். வழக்கில்லை, தண்டனையில்லை என்று 2008 ஜூலையில் ஒரு சட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தது. நல்ல நோக்கந்தான். ஆனால் வயது வரம்பு குறிக்கவில்லை. நான்கே மாதத்தில் 30-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். பச்சைக் குழந்தை ஒன்றுகூட இல்லை! பலர் பத்து வயதைத் தாண்டியவர்கள், மனநோயால் வாடியவர்கள். தட்டாத கதவெல்லாம் தட்டிக் களைத்த தாய்தந்தையர் கடைசியாகக் கண்ட கதவு அது. சர்க்கார் என்ன செய்தது? நவம்பரில் சட்டசபையை அவசரமாகக் கூட்டி, பிறந்து 30 நாளுக்கு மேலான குழந்தைக்கு இடமில்லை என்று திருத்தியது. உதவித் திட்டம் 2009-ல் வந்தது. கதவு முதலில் சாத்தப்பட்டது!

ஒரு மாநிலத்தின் கோளாறா இது? அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகமே 2003-ல் சொல்லிற்று: 2001 நிதியாண்டில், மனநல மருத்துவம் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே 12,700-க்கும் அதிகமான பிள்ளைகளைப் பெற்றோர் குழந்தை நலத் துறையிடமோ சிறார் நீதித் துறையிடமோ ஒப்படைத்தனர். அதுவும் 19 மாநிலங்களும் 30 மாவட்டங்களும் தந்த கணக்கு மட்டுமே! இவர்கள் பிள்ளையை அடித்தவர்களா? பட்டினி போட்டவர்களா? இல்லை. தனியார் காப்பீடு பாதியில் கைவிரித்தது. ஏழைக்கான மெடிக்கெய்டோ, உன் கூலி அதிகம் என்று விரட்டிற்று. பணக்காரன் மருத்துவரை வீட்டுக்கு அழைப்பான். பாட்டாளி பிள்ளையை எழுதிக் கொடுக்க வேண்டுமா? கேட்கிறோம்!

சரி, துறையின் பார்வைக்கு வந்த பிள்ளைக்காவது மருத்துவம் கிடைத்ததா? அத்துறை விசாரித்த பிள்ளைகளைப் பற்றிய நாடு தழுவிய ஆய்வு 2004-ல் வெளிவந்தது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மனநலக் கோளாறு. அவர்களிலே முந்தைய ஓராண்டில் மனநல நிபுணரைக் கண்டவர் நாலில் ஒருவரே. ஆறு முதல் பத்து வயதினரில், கறுப்பினப் பிள்ளைக்கு வாய்ப்பு இன்னும் குறைவு. சொந்த வீட்டிலேயே இருக்கும் பிள்ளைக்கும் குறைவு! நோய் ஒன்றுதான், நிறம் பார்த்து, வாசல் பார்த்து வந்தது வைத்தியம்.

மாத்திரைக்கு மட்டும் பஞ்சமில்லை. ஐந்து மாநிலங்களின் 2008-ஆம் ஆண்டுக் கணக்கை 2011-ல் அதே அலுவலகம் வெளியிட்டது. மெடிக்கெய்டில் உள்ள மற்றப் பிள்ளைகளைவிட, வளர்ப்பு இல்லப் பிள்ளைகளுக்கு மனநோய் மாத்திரை 2.7 முதல் 4.5 மடங்கு! உட்கார வைத்து, பேசவிட்டு, காயத்தை ஆற்ற மருத்துவர் வேண்டும், நேரம் வேண்டும், கூலி வேண்டும். மாத்திரைக்கு ஒரு குவளைத் தண்ணீர் போதுமே!

வேர் எங்கே? பணத்தில். குழந்தை நலத்துக்கு மத்திய சர்க்கார் தந்த பெருந்தொகை, பிள்ளை வீட்டைவிட்டு வெளியேறிய பிறகே பாய்ந்தது. வீட்டில் வைத்தே மருத்துவம் பார்க்க அந்த நிதியைச் செலவிடலாம் என்ற சட்டம் வர 2018 ஆயிற்று. 2001-ல் பத்து வயதில் ஒப்படைக்கப்பட்ட பையனுக்கு அப்போது வயது 27.