ஞாயிறு யாருடைய நாள்?

“பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது, சாமி, மறைக்கல்விக்கு வர முடியாது.” பங்குத்தளங்களில் பணியாற்றும் குருக்கள் யாவரும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்ட சொற்கள் இவை. சொல்கிறவர்கள் நம்பிக்கையற்றவர்கள் அல்லர். செவ்வாய் தோறும் அந்தோனியார் நவநாளைத் தவறவிடாதவர்கள். ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் செல்பவர்கள். ஆனால் பிள்ளை ஒன்பதாம் வகுப்பை எட்டிவிட்டால் ஞாயிறு மட்டும் இறைவனிடமிருந்து பறிக்கப்பட்டுப் பயிற்சி மையத்திற்கு எழுதி வைக்கப்படுகிறது. புதுநன்மைக்கு வெள்ளுடை உடுத்தி, ஊரைக் கூட்டி விருந்து வைத்த அதே பெற்றோரே இதைச் செய்கின்றனர்.

இதற்குக் கூறப்படும் விளக்கம், காலம் மாறிவிட்டது என்பது. நம்முள் சிலர் உடனே மேலைநாட்டு நாகரிகத்தைச் சாடுகின்றனர். திரைப்படத்தையும் கைப்பேசியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றனர். இவ்வழக்கை நாம் ஏற்கவில்லை. ஞாயிறை எந்த அந்நியரும் வந்து கொள்ளையிடவில்லை. மதிப்பெண் என்னும் புதிய தெய்வத்தை நம் நடுவீட்டில் வைத்துக் கும்பிடத் தொடங்கியவர்கள் நாமே. மருத்துவப் படிப்பிற்கான நுழைவுத் தேர்வு ஞாயிற்றுக்கிழமையில்தான் நடக்கிறது என்று வாதிடுவோர் உண்டு. 2017 மே 7-ஆம் நாளும், 2024 மே 5-ஆம் நாளும், 2025 மே 4-ஆம் நாளும் ஞாயிறுகளே, மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஆண்டிற்கு ஒரு ஞாயிறு. மீதமுள்ள ஐம்பத்தொரு ஞாயிறுகளை எந்தத் தேர்வு வாரியம் கேட்டது?

ஓய்வு இல்லையே, எப்படி வருவது என்பது அடுத்த வாதம். வரலாறு அறிந்தவர்கள் இதைக் கேட்டு நகைப்பார்கள். உரோமைப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வு நாளாக அறிவித்தது 321-ஆம் ஆண்டில். அதற்கு முன் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஞாயிறு ஒரு வேலை நாள். அடிமைகளும் கூலிகளும் மிகுந்திருந்த தொடக்கத் திருச்சபை, விடியுமுன் கூடி வழிபட்டுவிட்டு வேலைக்குச் சென்றது. துரோவாவில் வாரத்தின் முதல் நாளன்று அப்பம் பிட்கக் கூடியபோது பவுலடியார் நள்ளிரவு வரை பேசினார் என்றும், தூக்க மயக்கத்தில் ஓர் இளைஞன் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான் என்றும் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது (திப 20:7-12). மறையுரை பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் கடிகாரத்தைப் பார்க்கும் அன்பர்கள் இப்பகுதியை ஒருமுறை வாசிக்கலாம். 304-ஆம் ஆண்டில், இன்றைய துனீசிய நாட்டிலிருந்த அபித்தினா என்னும் ஊரில், பேரரசின் தடையை மீறி ஞாயிறு வழிபாட்டிற்குக் கூடிய 49 பேர் கைதாகிக் கார்த்தேசு நகருக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். ஏன் கூடினீர்கள் என்று கேட்டபோது, அவ்வழிபாடு இன்றித் தங்களால் வாழ இயலாது என்றனர். விடுமுறை நாள் நம்பிக்கையைப் படைக்கவில்லை. நம்பிக்கைதான் அந்நாளைப் படைத்தது.

திருச்சபை வளைந்து கொடுக்கவில்லை என்றும் கூற முடியாது. முந்திய நாள் மாலைத் திருப்பலியே கடனை நிறைவேற்றப் போதும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு ஏற்கிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1998-இல் ஆண்டவருடைய நாளைக் குறித்துத் தனித் திருத்தூது மடலே எழுதினார். 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் ஆலயங்கள் மூடப்பட்டபோது திரையில் திருப்பலி காண வழிசெய்ததும் இத்திருச்சபையே. நோயாளருக்கும் முதியோருக்கும் அது இன்றும் ஆறுதல். நல்ல உடல்நலத்தோடு, காலை உணவை மென்றுகொண்டே கைப்பேசியில் பூசை காண்போரை நாம் கேட்கிறோம்: உறவினர் வீட்டுத் திருமண விருந்தை இப்படித் திரையில் பார்த்துப் பசியாறியது உண்டா?

இனி, நம்மில் பலர் எண்ணிப் பாராத ஒரு பக்கம். ஓய்வுநாள் கட்டளையை விடுதலைப் பயண நூல் படைப்போடு இணைக்கிறது. இணைச் சட்ட நூலோ எகிப்தின் அடிமைத்தளையோடு இணைக்கிறது (இச 5:12-15). நீ அடிமையாய் இருந்தவன், ஆகையால் உன் வேலையாளும் வேலைக்காரியும் மாடும் கழுதையும்கூட இளைப்பாறட்டும் என்பதே அதன் உட்பொருள். ஆக, இது வழிபாட்டுச் சட்டம் மட்டுமன்று. கூலியாளின் உரிமைச் சட்டமும் ஆகும். பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிறு விடுமுறை 1890-இல்தான் கிடைத்தது. அதற்காகப் பல்லாண்டு போராடிய நாராயண் மேகாஜி லோகாண்டே கிறிஸ்தவர் அல்லர். மகாத்மா புலேயின் வழி நின்றவர். அவர் போராடிப் பெற்றதை நாம் பணத்திற்கு விற்றுக்கொண்டிருக்கிறோம்.

சோவியத் ஒன்றியம் 1929-இல் ஞாயிறை ஒழித்துப் பார்த்தது. தொழிலாளரைப் பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவிற்கும் வெவ்வேறு நாளில் ஓய்வளித்தது. கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு மற்றொரு நாள். எந்திரங்கள் ஓயவில்லை, குடும்பங்கள் கூடவில்லை. 1940-இல் அத்திட்டம் கைவிடப்பட்டு ஞாயிறு திரும்பியது. இன்று அதே முறையைச் சந்தை நம்மிடம் சிரித்த முகத்தோடு கொண்டு வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் கடைகள் ஆண்டின் 365 நாளும் இரவும் பகலும் திறந்திருக்க 2019-இல் அரசாணை வழிசெய்தது. பணியாளருக்குச் சுழற்சி முறையில் வாரம் ஒருநாள் ஓய்வு. துணிக்கடையில் நாள் முழுதும் நிற்கும் பெண்கள் உட்கார ஓர் இருக்கை தரவே 2021-இல் சட்டம் தேவைப்பட்ட நாடு இது. ஞாயிறு மாலை குடும்பத்தோடு அக்கடைகளில் குவியும் நாம், விற்கும் பெண்ணுக்கும் ஒரு குடும்பம் உண்டு என்று நினைக்கிறோமா? அவர்களுள் நம் பங்கின் பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

குமரிக் கடலோரத்தில் நம் மீனவ மக்களைப் பாருங்கள். ஞாயிறன்று கடலில் இறங்குவதில்லை என்பது பல ஊர்களின் கட்டுப்பாடு. அன்று மீன்பாடு கொழிக்கலாம், விலை ஏறலாம். வலைகள் கரையில் கிடக்கும். வட்டிக்கு வாங்கிப் படகு விட்டவர்களே இந்த இழப்பைத் தாங்குகிறார்கள் என்றால், மாதச் சம்பளக்காரர்களாகிய நம் கிறிஸ்தவர்கள் எந்த முகத்தோடு காலமாற்றம் பேசுகிறார்கள்?

எல்லாவற்றிலும் வருந்தத்தக்கது, நம் மறைமாவட்டங்களின் பள்ளிகள் சிலவே ஞாயிற்றுக்கிழமைகளில் சிறப்பு வகுப்பு நடத்துவது. முகப்பில் புனிதரின் பெயர். உள்ளே பூசை நேரத்தில் கணிதப் பாடம். பிற நிறுவனங்களைக் குறைகூறும் தகுதியை இதனால் இழக்கிறோம். ஆகவே ஒவ்வொரு பங்குப் பேரவையும் இரண்டு கோரிக்கைகளை எழுத்தில் வைக்கவேண்டும் என்கிறோம். கத்தோலிக்கப் பள்ளிகளில் ஞாயிறு வகுப்புகள் இக்கல்வியாண்டோடு நிறுத்தப்படவேண்டும். கடை வைத்திருக்கும் கத்தோலிக்கர்கள் தம் பணியாளர் அனைவருக்கும், அவர்கள் எம்மதத்தினராயினும், ஞாயிறன்று ஒருசேர விடுப்பு அளிக்கவேண்டும். வருமானம் குறையும் என்பார்கள். குறையத்தான் செய்யும்.