டீச்சரிடமும் கேட்டுப் பார்ப்போமா?

பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் எங்கள் உயரத்தையும் நிறையையும் அளந்து எழுதுகிறார்கள். பாடசாலை விட்ட பின் எங்களைப் பொறுப்பேற்கும் பெரியவர்களிடம் எதையாவது அளந்திருக்கிறோமா?

எனது தங்கை போகும் மாலை வகுப்பில் ஒரே டீச்சர், முப்பது பிள்ளைகள். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை கதிரையை விட்டு எழும்புவதில்லை. இடைவேளைக்கு ரோல்ஸும் இனிப்புப் பானமும். 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீச்சரிடம் இதைச் சொல்வது சுலபம். அவரிடம் முற்றம் இருக்கிறதா? ஒருநாள் பிள்ளைகளை விளையாட விட்டதற்கு, "படிக்கத்தானே காசு கட்டுறோம்" என்று ஓர் உம்மா சண்டைக்கே வந்துவிட்டாராம். (எங்கள் உம்மா இல்லை, அல்ஹம்துலில்லாஹ்!)

நமது நாட்டில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் நிற அடையாளம் உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. டீச்சருக்கு அது தெரியாது. நான் காட்டினேன், மறுநாளே போத்தலுக்குப் பதில் தண்ணீரும் அவித்த கடலையும் வந்தன. தெரியாமை பத்து நிமிடத்தில் தீர்ந்தது. முற்றம் இல்லாத குறையும், அந்த உம்மாவின் கோபமும் அப்படியே இருக்கின்றன.

அதனால் டீச்சர்மாரைக் குறை சொல்லுமுன் ஒரு கேள்வித்தாள் கொடுப்போம். என்ன தெரியும்? எதைச் செய்ய வசதி உண்டு? யார் தடுக்கிறார்கள்? பெயர் எழுத வேண்டாம். பெயர் கேட்டால் உண்மை வராது.

மூன்றாவது கேள்விக்குரிய விடையில், பெற்றோரே, நீங்களும் இருக்கக்கூடும்.