கைக்கருவி வாரண்டி வாங்கிய கடையிலேயே நிறைவேற வேண்டும்

அனுப்புநர்: கோயம்புத்தூர் மாவட்டத்தில் தொழில் செய்யும் இருசக்கர வாகன மெக்கானிக்குகள், பிளம்பர்கள், எலெக்ட்ரீசியன்கள், தச்சர்கள் சார்பில் சங்க நிர்வாகிகள்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் மற்றும் மாவட்ட நுகர்வோர் பாதுகாப்புக் குழுத் தலைவர் அவர்கள், கோயம்புத்தூர்.

பொருள்: வாரண்டி உள்ள கைக்கருவிகள் உடைந்தாலோ காலத்துக்கு முன் தேய்ந்தாலோ மாற்றித் தருவதற்கு மாவட்ட அளவில் நடைமுறை வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

டூவீலர் பட்டறையில் காலை முதல் இரவு வரை கையை விட்டு இறங்காதவை இரண்டு ஸ்பேனர்கள்: பத்து-பதினொண்ணு, பன்னிரண்டு-பதிமூணு. இவற்றில் ஒன்றின் வாய் ஒரு மயிரிழை விரிந்தாலும் பட்டறையில் உள்ளவர்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். போல்ட்டின் தலையைக் கவ்வ வேண்டிய ஸ்பேனர் வழுக்கும். இரண்டு முறை வழுக்கினால் போல்ட்டின் ஆறு முனையும் மழுங்கி உருண்டுவிடும். மூன்றாவது முறை அழுத்தி இழுக்கும்போது விரல் முட்டி இன்ஜின் துடுப்பில் போய் இடிக்கும். உருண்ட போல்ட்டை வெட்டி எடுக்கும் வேலைக்கு வாடிக்கையாளர் காசு தருவதில்லை. சொன்ன நேரத்துக்கு வண்டி கிடைக்காவிட்டால் அவர் அடுத்த முறை வேறு பட்டறைக்குப் போகிறார்.

அந்த ஸ்பேனர் வந்த அட்டையிலோ, அந்த கம்பெனியின் விளம்பரத்திலோ வாழ்நாள் வாரண்டி என்று இருந்திருக்கும். அதை நம்பித்தான் பெயர் தெரியாத சரக்கை விட்டுவிட்டு, மெக்கானிக் அதைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருப்பார். வாய் விரிந்த கருவியோடு வாங்கிய கடைக்குப் போகிறார். அங்கே நடக்கும் பேச்சைச் சங்க உறுப்பினர்கள் அனைவரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். "ஏனுங்ணா, பில்லு இருக்குங்களா?" என்பது முதல் கேள்வி. பில் இருந்தால், "கம்பெனி ரெப் வருவாருங்க, அவர்கிட்ட குடுத்து அனுப்பணும், பத்துநாள் கழிச்சு ஒரு போன் போட்டுட்டு வாங்க" என்று பதில் வரும். பத்து நாள் கழித்துப் போனால், "இது மிஸ்யூஸ்னு சொல்லிட்டாங்க" என்று கருவி திரும்பக் கைக்கு வரும். யார் பார்த்தார்கள், எதை வைத்து அப்படிச் சொன்னார்கள் என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டுகூடக் கிடையாது.

இதில் கடைக்காரர் மீது பழி போடுவது சங்கத்தின் நோக்கமல்ல. உடைந்த கருவிக்குப் பதிலாக அவர் தம் சரக்கிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தால், அந்தப் பணத்தை விநியோகஸ்தர் ஈடுகட்டுவார் என்பதற்கு அவருக்கே உறுதி இல்லை. விநியோகஸ்தர் கம்பெனியைக் கைகாட்டுகிறார். கம்பெனியோ ஜலந்தரிலோ நாசிக்கிலோ இருக்கிறது, அல்லது கடல் கடந்து இருக்கிறது. வாக்குறுதி கொடுத்தவருக்கும் அதை நம்பி வாங்கியவருக்கும் இடையே நிற்கும் கைகளில் ஒன்றுக்கும் பொறுப்பு இல்லை என்பதுதான் இங்கே நோய்.

எல்லாத் தேய்மானத்துக்கும் புதுக்கருவி வேண்டும் என்று சங்கம் கேட்கவில்லை. அரம் தேயத்தான் செய்யும், ஹேக்ஸா பிளேடு பல் போகத்தான் செய்யும், ஸ்க்ரூடிரைவரை உளியாக்கிச் சுத்தியலால் அடித்தால் முனை சிதறத்தான் செய்யும். ஸ்பேனரின் பிடியில் இரும்புக் குழாயை மாட்டி நெம்பினால் நல்ல எஃகும் வளையும். கேஸ் வெல்டிங் நெருப்பில் காட்டிய கருவியில் நீலம் பாய்ந்திருக்கும். அதன் பதம் அப்போதே போய்விட்டது. இப்படிப்பட்டவற்றை வாரண்டிக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று சங்கம் தன் உறுப்பினர்களிடம் சொல்லியே வருகிறது.

ஆனால் குறை கருவியில் இருந்ததா, கையாண்ட விதத்தில் இருந்ததா என்பது கண்டுபிடிக்க முடியாத மர்மம் அல்ல. உடைந்த ரிங் ஸ்பேனரின் முறிவு முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். முகம் முழுவதும் புதிதாக, வெள்ளிபோல் மின்னினால் அது அந்த இழுப்பில் முறிந்தது. ஒரு ஓரம் மட்டும் கறுத்தோ துருவேறியோ இருந்து, மீதி மட்டும் பளபளத்தால், அந்தக் கறுத்த ஓரம் முன்பே விரிசல் கண்டிருந்தது. அடித்து உருவாக்கும்போதோ, காய்ச்சி எண்ணெயில் தோய்த்துப் பதமேற்றும்போதோ விழுந்த விரிசலாக அது இருக்கலாம். அத்தகைய கருவி கடை அலமாரிக்கு வரும்போதே பழுதோடு வந்தது. கட்டிங் பிளேயரும் அப்படித்தான். சாதாரண செம்புக் கம்பியை வெட்டியே அதன் வெட்டுவாயில் பள்ளம் விழுந்தால், அந்த வாய்க்குப் போதிய கடினம் ஏற்றப்படவில்லை என்றே பொருள்.

கடினத்தை அளப்பதற்கு டெல்லிக்கும் போக வேண்டாம். பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களில் ராக்வெல் கடினச் சோதனை இயந்திரம் உண்டு. ஒரு கருவியைச் சோதிக்கச் சில நிமிடங்கள் போதும். எந்தக் கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தரங்களை வகுத்திருக்கிறது: திறந்தவாய் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2029, கட்டிங் பிளேயருக்கு ஐ.எஸ். 3650, சுத்தியலுக்கு ஐ.எஸ். 841. அளவுகோல் இருக்கிறது, அளக்கும் இயந்திரமும் ஊரிலேயே இருக்கிறது. இரண்டையும் தொழிலாளியின் புகாரோடு இணைக்கும் ஏற்பாடுதான் இல்லை.

சட்டம் தொழிலாளியின் பக்கம் தெளிவாகவே நிற்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குவோரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் தன் கையால் உழைத்துப் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே பொருள் வாங்கிப் பயன்படுத்துபவரை அந்த விலக்கிலிருந்து பிரிவு 2(7)-இன் விளக்கம் காப்பாற்றுகிறது. ஒற்றை ஆளாகப் பட்டறை நடத்தும் மெக்கானிக்கும், தோளில் பையோடு வீடு வீடாகப் போகும் பிளம்பரும் நுகர்வோரே. தொழிலுக்கு வாங்கியதற்கு வாரண்டி பேச முடியாது என்று சில இடங்களில் சொல்லப்படும் பதிலுக்கு இங்கே இடமில்லை.

அதே சட்டத்தின் பிரிவு 2(47) இந்த மனுவுக்கு உயிர்நாடி. பொருளை மாற்றித் தருவதாக உறுதி கூறிவிட்டு, அந்த உறுதி நிறைவேற நியாயமான வாய்ப்பே இல்லாத நிலை இருந்தால், அப்படி உறுதி கூறுவதே முறையற்ற வணிக நடைமுறை என்று அது வகைப்படுத்துகிறது. பில் தராமல் விடுவதையும் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறது. மாவட்டத்தில் ஒரு மாற்று மையமும் இல்லாமல், கடைக்காரருக்கு எந்த அதிகாரமும் கொடுக்காமல் அட்டையில் அச்சிடப்படும் வாழ்நாள் வாரண்டி இந்த வரையறைக்குள் வருகிறதா என்பதை ஆட்சியர் அவர்கள் ஆராய வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொள்கிறது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று கேட்கலாம். போகலாம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, தொழிலாளி தாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம், காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் சில நூறு ரூபாய் ஸ்பேனருக்காக ஒரு முறை வாய்தாவுக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். இரண்டாவது வாய்தாவில் கருவியின் விலையைவிட இழப்பு பெரிதாகிவிடும். பட்டறையை மூடிவிட்டு ஆணையத்தின் வாசலில் உட்கார யாராலும் முடியாது. இந்தக் கணக்கு கம்பெனிகளுக்கும் தெரியும். ஆகவே தீர்வு ஆணையத்தில் தொடங்கக் கூடாது. கடையின் மேசையில் தொடங்க வேண்டும்.

அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு வெளியே சான்று இருக்கிறது. அமெரிக்காவில் சியர்ஸ் கடைகள் கிராஃப்ட்ஸ்மேன் கைக்கருவிகளை விற்ற காலத்தில், உடைந்த ஸ்பேனரை மேசையில் வைத்தால் பில் கேட்காமலே வேறொன்று எடுத்துக் கொடுப்பது பல தலைமுறைகளுக்கு வழக்கமாக இருந்தது. ராட்செட்டின் உள்ளே பல் தேய்ந்திருந்தால், முழுக் கருவிக்குப் பதிலாக உட்பாகங்களைப் புதிதாக மாற்றிக் கொடுப்பதும் உண்டு. ஸ்னாப்-ஆன் போன்ற கம்பெனிகளின் முகவர்கள் வேனில் பட்டறை பட்டறையாகப் போய்க் கருவி விற்பதோடு, முறிந்ததை அங்கேயே வாங்கிக்கொண்டு மாற்றியும் தருகிறார்கள். அந்நாடு 1975-இல் இயற்றிய மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம், வாரண்டி முழுமையானதா வரம்புக்குட்பட்டதா என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும், அதன் விவரங்கள் வாங்குவதற்கு முன்பே வாடிக்கையாளருக்குப் படிக்கக் கிடைக்க வேண்டும் என்றும் வகை செய்தது. கோவைத் தொழிலாளி வாங்கும் கருவிகளில் சில பன்னாட்டு கம்பெனிகளுடையவை. அங்கே மேசையில் நிறைவேறும் வாக்கு இங்கே ஏன் நிறைவேறக் கூடாது?

பில் விஷயத்தையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு, வாங்குபவர் கேட்காவிட்டால், தனித்தனி பில் போட வேண்டிய கட்டாயம் இல்லை. ஒற்றை ஸ்க்ரூடிரைவர், சின்ன பிளேயர், உதிரி ஸ்பேனர் எல்லாம் பெரும்பாலும் இந்த இடைவெளியில் விழுந்துவிடுகின்றன. பில் கிடைத்தாலும் அது வெப்பத்தாளில் அச்சானது. எண்ணெய்க் கை பட்டு, வண்டிப் பெட்டியின் சூட்டில் கிடந்து, சில மாதங்களில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாழ்நாள் வாரண்டிக்கு அழியும் மையில் ஆதாரம் கேட்பது நியாயம் ஆகாது.

இன்னொரு பக்கம் போலிச் சரக்கு. பிரபல கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, அதே நிறப் பிடியோடு, அதே அட்டையோடு கருவிகள் வருகின்றன. உடைந்த பிறகுதான் "இது எங்க சரக்கே இல்லை" என்ற பதில் வருகிறது. வாங்கியவர் உண்மையான விலை கொடுத்திருப்பார். இந்த இழப்பை விற்றவரோ, அவருக்குச் சரக்கு இறக்கியவரோ ஏற்க வேண்டுமே தவிர, வாங்கியவர் ஏற்கக் கூடாது.

இவற்றை மனத்தில் கொண்டு சங்கம் முன்வைக்கும் கோரிக்கைகளில் முதன்மையானது, மாவட்ட நுகர்வோர் பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைத் தனிப் பொருளாக எடுத்துக்கொண்டு, கைக்கருவி விநியோகஸ்தர்களையும் ஹார்டுவேர் கடைக்காரர்களையும் தொழிலாளர்களையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது. வாரண்டி சொல்லி விற்கப்படும் கருவியை வாங்கிய கடையிலேயே பெற்றுக்கொண்டு, 7 நாட்களுக்குள் மாற்றிக் கொடுப்பது அல்லது காரணத்தை எழுத்தில் சொல்லி மறுப்பது என்ற உடன்பாடு அந்தக் கூட்டத்தில் எழுதப்பட வேண்டும். கடைக்காரர் மாற்றிக் கொடுத்ததை விநியோகஸ்தர் ஈடுகட்டும் பொறுப்பும் அதில் இடம்பெற வேண்டும்; அது இல்லாமல் மற்றது நடக்காது. 7 நாளும் கை வெறுமையாக இருக்க முடியாது என்பதால், அதுவரை பயன்படுத்த ஒரு மாற்றுக் கருவியைக் கடை இரவலாகத் தரும் ஏற்பாட்டையும் பரிசீலிக்க வேண்டுகிறது. எந்த கம்பெனியின் எந்தக் கருவிக்கு எவ்வளவு காலம், எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்பது கடையில் தமிழில், பார்வையில் படும் இடத்தில் எழுதி வைக்கப்பட வேண்டும்.

தகராறு வந்தால் கருவியை அரசு பாலிடெக்னிக் ஆய்வகத்தில் குறைந்த கட்டணத்தில் சோதித்து, ஒரு பக்க அறிக்கை தர ஆட்சியர் அவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். குறை கருவியில் என்று தெரிந்தால் கட்டணத்தை விற்பனைத் தரப்பு ஏற்கட்டும். குறை கையாண்டவரிடம் என்று தெரிந்தால் உறுப்பினரே ஏற்பார். அதற்குச் சங்கம் பொறுப்பு நிற்கும்.

வாரண்டிக் கருவி எவ்வளவு சிறு தொகையானாலும் பில் தருவதும், அதைத் தொலைபேசி எண்ணோடு கடைக் கணினியில் வைத்திருந்து கேட்கும்போது எடுத்துத் தருவதும் வழக்கமாக வேண்டும். அட்டையிலும் பெட்டியிலும் அடைத்து விற்கும் சரக்கில் உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, நுகர்வோர் குறைகேட்புக்கான தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவை இருக்க வேண்டும் என்று சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள்கள் விதிகள், 2011 சொல்கின்றன. தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு கைக்கருவிக் கடைகளிலும் இதை ஆய்வு செய்யப் பணிக்கப்பட வேண்டும். அந்த எண்ணுக்குப் போன் செய்தால் யாராவது எடுக்கிறார்களா என்பதையும் அதிகாரிகள் அங்கேயே சோதித்துப் பார்க்கலாம்.

இவற்றுக்கும் இணங்காத நிறுவனங்கள் இருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 16 ஆட்சியருக்கு அளிக்கும் அதிகாரத்தின்படி, நுகர்வோர் என்ற ஒரு வகுப்பின் உரிமை மீறலாக இதை விசாரித்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.

தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 25 வகைத் தொழில்களைச் செய்வோருக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் தருகிறது. இந்தப் பணத்தில் வாங்கும் கருவி சில மாதங்களில் முறிந்தால், கடன் தவணை மட்டும் மிச்சமாக நிற்கும். ஆகவே மாவட்டத் தொழில் மையம் விலைப்புள்ளிகளை ஏற்கும்போதே வாரண்டிக் காலமும், மாற்றித் தரும் கடையின் பெயரும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கச் சங்கம் கோருகிறது. மக்கள் வரிப்பணம் சேர்ந்த கருவிக்கு இந்தக் காவல்கூட இல்லாமல் விடக் கூடாது.

வாரண்டி மறுக்கப்பட்ட ஸ்பேனர்கள், பிளேயர்கள், ராட்செட்டுகள், பைப் ரெஞ்சுகள் ஆகியவற்றை உறுப்பினர்களிடமிருந்து பெற்று, வாங்கிய விவரச் சீட்டோடு சங்கம் இம்மனுவுடன் ஒப்படைக்கிறது. அவற்றைச் சோதனைக்கு அனுப்ப உத்தரவிட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் ஒன்றில் சங்க நிர்வாகிகளையும் விநியோகஸ்தர்களையும் ஒருசேர அழைத்து விசாரிக்க நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறது.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்

நகல்: மாவட்ட வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர், தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்), மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளர்.