செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வானா?

"போலீசில் ஒப்புக்கொண்டான்" என்று பேப்பரில் வந்துவிட்டால் போதும். டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். "செய்யாமலா ஒப்புக்கொள்வான்?" என்று ஒரு கேள்வி வேறு!

ஒப்புக்கொள்வான் சார்! இதை நிரூபிப்பதையே ஆயுசு வேலையாக வைத்துக்கொண்ட ஒரு பேராசிரியர் உண்டு. பெயர் கிஸ்லி குட்ஜான்சன். 1947-ல் பிறந்த ஐஸ்லாந்துக்காரர். லண்டன் கிங்ஸ் காலேஜில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்தவர். அதற்கு முன் பார்த்த உத்தியோகம் என்ன தெரியுமா? துப்பறியும் போலீஸ்!

தொலையாத பர்ஸ்

1970-களில் ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்ஜாவிக்கில் ஒரு பெண் தன் பர்ஸ் திருட்டுப் போனதாகப் புகார் கொடுத்தாள். அவளோடு குடித்த ஆசாமியை விசாரித்தவர் குட்ஜான்சன். போதையில் நடந்தது எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் திருடியதாக ஒப்புக்கொண்டான். கடைசியில் பார்த்தால், பர்ஸ் திருட்டே போகவில்லை!

பிறகு லண்டனில் இதையே ஆராய்ந்தார். 1984-ல் ஒரு பரீட்சையை வெளியிட்டார். ஒரு குட்டிக் கதையைப் படித்துக் காட்டி, 20 கேள்வி கேட்பார்கள். அதில் 15, கதையில் இல்லாததை இருப்பதுபோல் காட்டும் குறுக்குக் கேள்வி. முடிந்ததும், நிறைய தப்பு செய்துவிட்டதாகக் கறாராகச் சொல்லி, மறுபடியும் கேட்பார்கள். மிரண்டுபோய் எத்தனை பதிலை மாற்றுகிறார் என்று எண்ணுவார்கள். நெருக்கினால் யார் எவ்வளவு வளைவார் என்று அதில் தெரியும்.

15 வருஷ ஜெயில்

இங்கிலாந்தில் கில்ட்போர்டு வெடிகுண்டு கேசில் 4 பேர், பர்மிங்காம் கேசில் 6 பேர். போலீசில் கொடுத்த வாக்குமூலம் அவர்களை உள்ளே தள்ளியது. 15, 16 வருஷம் கம்பி எண்ணினார்கள். 1989-லும் 1991-லும் கோர்ட்டு விடுதலை செய்தது. இந்தக் கேஸ்களின் கைதிகளைச் சோதித்தவர்களில் குட்ஜான்சனும் ஒருவர்.

சொந்த நாட்டிலும் அதே கதை. 1974-ல் இரண்டு ஆண்கள் காணாமல் போனார்கள். பிணம்கூட கிடைக்கவில்லை. மாட்டிய 6 பேரும் வாக்குமூலம் கொடுத்தார்கள். ஒருவரை 655 நாள் தனி அறையில் அடைத்திருந்தார்கள்! குட்ஜான்சன் இடம்பெற்ற குழு 2013-ல் அறிக்கை கொடுத்தது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு 5 பேரை நிரபராதி என்றது. அதற்குள் இருவர் செத்தே போனார்கள்.

அடி உதைதான் வேண்டும் என்பதில்லை. தூக்கமில்லாத ராத்திரி, தனிமை, பயம், 'ஆமாம் என்றால் விட்டுவிடுவார்கள்' என்ற நப்பாசை, இதுவே போதும்.

நம் நாட்டுச் சட்டத்துக்கும் இது தெரியும். போலீசிடம் ஒப்புக்கொண்டதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. 1872-ல் வந்த சாட்சியச் சட்டம் சொன்னதை, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டமும் சொல்கிறது.

நாம்தான் அவசரப்படுகிறோம். அப்பாவி உள்ளே போனால், நிஜ ஆசாமி வெளியே ஹாயாக நடமாடுவான். நம்ம பஸ்சில், நம்ம பக்கத்து சீட்டிலேயே இருக்கலாம்!

இனிமேல் "ஒப்புக்கொண்டான்" என்று படித்தால், அடுத்த கேள்வி இதுவாக இருக்கட்டும்: "சாட்சியம் எங்கே?"