செவியா, ஊசியா? – மன்னார்க் கூத்தின் சுருதி குறித்து ஒரு மறுப்பு

மன்னார்த் தீவிலும் அதற்கெதிரே விரிந்து கிடக்கும் மாதோட்டக் கரையிலும் நாட்டுக்கூத்து இன்னும் உயிர் வாழ்கின்றது. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்னும் இருவகை மெட்டு மரபுகளும் அங்கு வழங்கி வந்துள்ளன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' (1964), 'மூவிராசர் வாசகப்பா' (1966) ஆகியவற்றைப் பதிப்பித்தமையால் ஏட்டில் கிடந்த பாட்டுகள் அச்சேறின. ஆயின் ஏட்டிலும் அச்சிலும் ஏறாத ஒன்று உண்டு. பாடுவோனின் குரலுக்கு எந்தச் சுருதி பொருந்தும், மத்தளம் அதனோடு இசைந்து நிற்கின்றதா என்பதை எப்பதிப்பாசிரியராலும் பதிக்க இயலாது. அது அண்ணாவியாரின் செவியிலே இருந்தது. அச்செவிக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிடலாம் என்று இப்பொழுது சிலர் முடிவு கட்டியுள்ளனர்.

அன்னார் கூறுவது இதுதான்: சுருதிமானி இன்று கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றது, ஊசி நடுவில் நின்று பச்சை ஒளி காட்டினால் சுருதி சரி, இல்லையேல் பிழை, இந்நிலையில் ஒரு முதியவர் தலையைச் சாய்த்துக்கொண்டு அரை மணி நேரம் மத்தளத்தைத் தட்டிக் கொண்டிருப்பானேன்? விஞ்ஞானத்தின் பெயரால் இது சொல்லப்படுவதால் மறுப்போருக்குப் பழமைவாதி என்ற பட்டம் எளிதிற் கிடைத்துவிடுகின்றது. எனவே அந்த விஞ்ஞானத்தையே முதற்கண் நோக்குதல் தகும்.

செவியா கருவியா என்னும் வழக்கு மேல்நாட்டாரிடையே பியானோவைக் குறித்து நெடுங்காலமாக நடந்து வருவது. பியானோவுக்குச் சுருதி கூட்டுவோர் ஓர் இசைக்கவையைக் கொண்டு ஒரு தந்தியை நிறுத்தி, அதிலிருந்து ஐந்தாம் சுரம் நான்காம் சுரமாக ஏனைய தந்திகளைக் கூட்டுவர். இரு தந்திகள் ஒருங்கொலிக்கும்போது எழும் ஏற்ற இறக்கத்தைச் செக்கன் கணக்கில் எண்ணுவதே அவர்தம் தொழில் நுட்பம். பௌதிக மாணவர் 'அடிப்பு' என்று படிப்பது இதனையே. 1938இல் ரெயில்ஸ்பாக் என்னும் ஆய்வாளர், செவியாற் சுருதி கூட்டிய பியானோக்களைக் கருவி கொண்டு அளந்து பார்த்தார். மேற்சுரங்கள் கணக்குப்படி நிற்க வேண்டிய இடத்திலிருந்து சற்று உயர்ந்தும், கீழ்ச்சுரங்கள் சற்றுத் தாழ்ந்தும் நின்றன. செவி பிழைத்துவிட்டது என்று அன்றே தீர்ப்பு எழுதியிருக்கலாம். ஆனால் பிழை கணக்கிலேதான் இருந்தது. உருக்குத் தந்திக்கு விறைப்பு உண்டு. அதனால் அதன் மேற்றொனிகள் முழுவெண் மடங்குகளினின்று சிறிது உயர்ந்தே ஒலிக்கும். அவ்வுயர்வுக்கு ஏற்பத் தொழிலாளியின் செவி சுரங்களை விரித்துக் கொண்டது. பிற்காலக் கருவிகள் இதனையும் கணக்கிற் சேர்த்துக் கொண்டன என்பது உண்மையே. சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு என்று அவற்றுக்குச் சொல்லிக் கொடுத்தது யாருடைய செவி என்பதை மட்டும் அக்கருவிகளைப் போற்றுவோர் சொல்வதில்லை.

இனி, அந்தப் பச்சை ஒளி எதனைச் சரியென்கிறது? செக்கனுக்கு 440 அதிர்வு என்னும் அளவை 1939இல் இலண்டனிற் கூடிய ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. மாதோட்டத்து அண்ணாவிமாருக்கு அங்கு அழைப்பு அனுப்பப்படவில்லை! அவ்வளவின் மேல் ஒரு தாயியைப் பன்னிரண்டு சம கூறாகப் பிரித்தே சுருதிமானி பெரும்பாலும் அமைக்கப்பட்டுள்ளது. 5:4 என்னும் விகிதத்தில் நிற்கும் இயல்பான காந்தாரத்துக்கும் இச்சமகூற்றுக் காந்தாரத்துக்கும் இடையே, ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பகுத்தால் ஏறத்தாழ 14 கூறு வேறுபாடு உண்டு. ஆதார சுருதியோடு ஒன்றிப் பாடும் பாடகன் இயல்பாகச் சென்று தங்கும் இடத்தையே கருவி 'குறைவு' எனச் சிவப்பொளி காட்டித் தண்டிக்கும்.

தமிழர் இக்கேள்வியை எழுப்பாமல் இருந்தவரல்லர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்திலே இருபத்திரண்டு சுருதிக் கொள்கையை மறுத்துச் சமமான இருபத்து நான்கினை நிலைநாட்ட முயன்றார். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த 'யாழ்நூ'லிலே விகிதங்களைக் கணித்து இருபத்திரண்டினையே நிறுவினார். அடிகள் விஞ்ஞானம் பயின்றவர். அளவை அவர் வெறுத்தவரல்லர். குரலிலிருந்து இளி, அவ்விளியிலிருந்து அதன் இளி என நரம்புகளைக் கூட்டிச் செல்லும் பழந்தமிழ் முறையும், பியானோக்காரன் ஐந்தாம் சுரத்தால் நடந்து செல்லும் முறையும் ஒரே பாதையில் அமைந்தவை. இரு பேரறிஞர் வாழ்நாளைச் செலவிட்டும் தீராத வழக்கை விற்பனைக்கு வந்த ஒரு செயலி விசாரணையின்றித் தீர்த்து வைத்துவிட்டது. தீர்ப்பு வழங்கப்பட்டதையே நம்மவரிற் பலர் அறியார்.

கூத்துக் களத்துக்கு வருவோம். கூத்து திறந்த வெளியில் இரவிரவாக ஆடப்படுவது. மன்னார்க் கரையின் கடற்காற்று ஈரமும் உப்பும் சுமந்தது. நள்ளிரவுக்குப் பின் பனி இறங்கும், மத்தளத்தின் தோல் ஈரத்தை உண்டு தளரும், சுருதி இறங்கும். ஆர்மோனியத்தின் உலோக நாக்குகளோ பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். மாலையிற் கட்டியங்காரன் பாடியபோது ஒன்றி நின்ற இரண்டும் விடியுமுன் பிணங்கத் தொடங்கும். அப்பொழுது வாரை இறுக்குவதா, விளிம்பைத் தட்டுவதா, களைத்துப்போன தொண்டைக்காக ஆர்மோனியக்காரனை ஒரு கட்டை கீழே இறங்கச் சொல்வதா என்பதை நொடிப்பொழுதில் தீர்மானிக்க வேண்டும். பிற்பாட்டுக்காரரும் சல்லரியும் கூட்டத்தின் ஆரவாரமும் சேர்ந்த பேரொலியிலே கைத்தொலைபேசியின் ஒலிவாங்கி எதனைக் கேட்கும்? எது பாட்டு, எது இரைச்சல் என்று அதற்குத் தெரியாது. அரசன் வேடம் கட்டியவன் எட்டாத உச்சத்துக்குத் திணறுகிறான் என்பதும் தெரியாது.

இவ்வாறு கூறுவதால் கருவி எதுவும் வேண்டாம் என்னும் கட்சியாரை ஆதரிப்பதாகக் கொள்ளலாகாது. அவர்கள் போற்றும் 'பழைய' ஆர்மோனியமே வந்தேறிய கருவிதான். அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கி 1971 வரை வெளியே நிறுத்தி வைத்திருந்தது. மன்னார் மக்கள் எந்த வானொலியின் அனுமதியையும் கேளாது அதனைத் தம் களரிக்கு வசப்படுத்திக் கொண்டனர். செவியும் களைப்படையும், முதுமையில் மந்தமாகும், சில வேளைகளில் வீம்புக்குப் பிழையையே பிடித்துக்கொண்டு நிற்கும். ஒத்திகை தொடங்குமுன் ஒரு கட்டையை நிறுத்திக்கொள்ள, அண்ணாவியார் இல்லாத ஊரில் ஒரு பயிலுநன் தன்னைச் சோதித்துக்கொள்ள, சுருதிமானி நல்ல துணை. தச்சனிடம் முழக்கோல் இருப்பது போல அது இருக்கட்டும். முழக்கோலைத் தச்சனாக நியமிப்பதே கண்டிக்கத்தக்கது.

இதிற் கவலைக்குரியது வேறொன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் இக்கரையோர ஊர்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. ஊர் கலையும்போது களரியும் கலைந்தது. அண்ணாவியாருக்கு அருகில் இருந்து கேட்டுப் பழக வேண்டிய வயதினர் முகாம்களில் வளர்ந்தனர். எஞ்சிய ஏடுகளைத் தேடி ஒளிப்படம் எடுப்பதில் இன்று பல்கலைக்கழகத்தார் காட்டும் ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆயினும் ஓர் ஏட்டைப் படம் பிடித்துவிடலாம். செவியைப் பிடிக்க ஒளிப்படக் கருவி இல்லை. அதனைப் பெறுவதற்கு ஒரே வழி, ஓர் இளைஞன் பல இரவுகள் மத்தளத்தின் அருகே உட்கார்ந்து, பிழையாகக் கேட்டு, திட்டு வாங்கி, மறுபடி கேட்பதேயாகும். ஊசியைப் பார்த்துத் தொடங்கியவனுக்கு அந்த இரவுகள் தேவையற்றனவாகத் தோன்றும். ஒரு தலைமுறைக்குள் ஊசி தவறுகிறது என்று சொல்லக்கூடிய ஆளே ஊரில் இரார்.

ஆகவே நாட்டார் கலையை ஆய்வுப் பொருளாகக் கொண்டுள்ள துறைகள் ஒன்று செய்யலாம். மன்னாருக்குக் களஆய்வுக்கு அனுப்பும் மாணவரிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு நில்லாது, ஒரு கூத்தின் ஒத்திகைக் காலம் முழுவதையும் அங்கேயே கழிக்குமாறு கூறட்டும். அவர் எழுதிவரும் அறிக்கையிலே மத்தளம் எந்தச் சாமத்தில் இறங்கிற்று, அண்ணாவியார் அதற்கு என்ன செய்தார் என்னும் இரண்டு வரிகள் இல்லையாயின், அதற்குப் புள்ளி வழங்காது திருப்பி அனுப்பட்டும்.