எண்ணெய் விடுமுன் ஒரு கேள்வி



அன்பின் சகோதரிகளே! வீடியோ கேம் விளையாடும் பிள்ளையின் ஜோய்ஸ்டிக் இறுகி ஒட்டிக்கொண்டால் அதற்கு எதை இடலாம், எதை இடக்கூடாது என்பதைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன். "மௌலவிக்கு இதெல்லாம் எதற்கு?" என்று நீங்கள் சிரிக்கக் கூடும். இந்த விடயத்தில் தெரியாமல் யோசனை சொல்லி, ஒரு பிள்ளை அநியாயமாக அடி வாங்கக் காரணமாக இருந்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவிலுள்ள ஒரு தாய், தன் பதினொரு வயது மகனோடு மஃரிபுக்குப் பின் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிள்ளையின் வாப்பா கட்டாரில் தொழில் செய்பவர். லீவில் வந்தபோது மகனுக்கு ஒரு கேம் பெட்டி கொண்டுவந்து கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை இரவுகளில் அவர் அங்கிருந்தும் மகன் இங்கிருந்தும் இன்டர்நெட் வழியாக ஒன்றாக விளையாடுவார்களாம். இரு கைகளாலும் பிடிக்கும் அந்தக் கருவியில், பெருவிரலால் அசைக்கும் குமிழைச் சாய்த்தால் அது திரும்பி வராமல் சாய்ந்தபடியே நின்றது. "கொஞ்சம் பாருங்களேன் ஹஸரத். வாப்பாவும் மகனும் சிரித்துப் பேசிக்கொள்வது இதை வைத்துத்தான்" என்றார் அந்தத் தாய்.

என் மனைவியின் தையல் மெஷின் அருகில் எண்ணெய்ப் போத்தல் இருந்தது. "இரண்டு சொட்டு விட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லி நானே விட்டும் கொடுத்தேன். தெரிந்தவர் எவரிடமும் கேட்கவில்லை. குமிழ் வழுக்கிக்கொண்டு அசைந்தது. பிள்ளையின் முகம் மலர்ந்தது. எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

மூன்று வாரம் செல்வதற்குள் குமிழ் முன்னரை விட மோசமாக இறுகிவிட்டது. கருவியின் ஓரத்தில் வெடிப்பும் கண்டது. மகன் கோபத்தில் நிலத்தில் எறிந்திருக்கிறான் என்று எண்ணிய தாய் அவனுக்கு அடித்துவிட்டார். "நான் எறியவில்லை உம்மா" என்று அவன் அழுததை அவர் நம்பவில்லை. பிறகு டவுனில் திருத்துபவரிடம் கொண்டு போனபோது அவர் கழற்றிக் காட்டினார். எண்ணெயும் தூசியும் சேர்ந்து குமிழைச் சுற்றிக் களிபோல் அப்பியிருந்தது. ஸ்க்ரூ முடுக்கிய இடங்களிலிருந்து மயிரிழை போல வெடிப்புகள் ஓடியிருந்தன. "இது விழுந்து உடைந்ததல்ல. யார் இதற்கு எண்ணெய் விட்டது?" என்று அவர் கேட்டாராம்.

அதன்பின் திருத்துவோரிடம் கேட்டும், தேடிப் படித்தும் அறிந்துகொண்டவற்றை உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

முதலாவது, ஒட்டுகின்ற பொருளெல்லாம் எண்ணெய் கேட்பதில்லை. பெரும்பாலும் அது அழுக்குத்தான். கைவியர்வை, சிந்திய சோடா, பிஸ்கட் தூள் ஆகியவை குமிழின் அடியில் இறங்கிக் காய்ந்து பசையாகின்றன. அதன்மேல் எண்ணெய் விடுவது, கழுவாத சட்டியில் மறுபடியும் சமைப்பதைப் போன்றது. சில கருவிகளின் மேல் மெதுமெதுப்பான ஒரு பூச்சு இருக்கும். நம் நாட்டு ஈரக் காற்றில் சில வருடங்களில் அந்தப் பூச்சே சிதைந்து கையில் ஒட்டத் தொடங்கும். அதுவும் எண்ணெயால் தீராது. துடைத்து அகற்றத்தான் வேண்டும்.

இரண்டாவது, குமிழைத் தொடாதபோதும் திரையில் உருவம் தானாக நகர்ந்தால், அது அசைவை உணரும் பகுதியில் ஏற்பட்ட கோளாறு. பல கருவிகளில் அங்கே மெல்லிய கரிப்படலம் ஒன்று இருக்கும். அதில் எண்ணெயோ கிறீஸோ படவே கூடாது. திருத்துபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, தையல் மெஷின் எண்ணெய் உலோகத்துக்காகச் செய்யப்பட்டது. இரும்பு இரும்போடு உராயும் இடத்தில் அது நன்மை செய்யும். ஆனால் சில வகைப் பிளாஸ்டிக், ஸ்க்ரூவினால் இறுக்கப்பட்ட இடங்களில், இத்தகைய எண்ணெய் ஊறினால் காலப்போக்கில் வெடிக்கும். துருவை இளக்கும் டபிள்யூடி-40 ஸ்பிரேயைச் சிலர் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைக்கிறார்கள். அது 1953 இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், உலோகத்தை ஈரத்திலிருந்தும் துருவிலிருந்தும் காக்கவென்று உருவாக்கப்பட்டது. பொலிகார்பனேட், ஒளி ஊடுருவும் பொலிஸ்டைரீன் ஆகிய பிளாஸ்டிக்குகளில் அதை அடிக்க வேண்டாம் என்று செய்பவர்களே சொல்கிறார்கள்.

தேங்காய் எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுமார் 24 பாகைக்குக் கீழே உறைந்தும் போகும். நுவரெலியாவில் இருக்கும் சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வாசலின் இறப்பரை ஊதச் செய்யும். நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் பல பிளாஸ்டிக்குகளைக் கரைத்தே விடும். பெற்றோலும் மண்ணெண்ணெயும் கிட்டவே வேண்டாம்.

அப்படியானால் எதை இடுவது? பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உராயும் இடத்துக்குச் சுத்தமான சிலிக்கன் கிறீஸ் ஏற்றது. அது பொதுவாகப் பிளாஸ்டிக்கைத் தாக்காது, எளிதில் காய்ந்தும் போகாது. நொன்ஸ்டிக் சட்டியில் பூசப்படும் டெஃப்லோன் இருக்கிறதல்லவா, அதன் நுண்துகள் கலந்த சிலிக்கன் கிறீஸும் நல்லது. ஸ்பிரேயாக வருவதில் பெற்றோலிய வகைக் கரைப்பான் கலந்திருக்கக் கூடும். ஆகவே டியூபில் வருவதையே வாங்குங்கள். உறையில் பிளாஸ்டிக்கிற்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மறந்துவிட வேண்டாம்: பட்டன்களின் கீழேயுள்ள மெல்லிய இறப்பர் பெரும்பாலும் சிலிக்கனால் ஆனது. சிலிக்கன் கிறீஸ் பட்டால் அது ஊதிவிடும். எனவே அங்கே பூச வேண்டாம்.

கிறீஸ் உண்மையிலேயே தேவைப்படும் இடமும் உண்டு. 1996 இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோ 64 கருவியில், பிளாஸ்டிக் தண்டு ஒன்று பிளாஸ்டிக் கிண்ணத்தில் உராய்ந்து உராய்ந்து வெள்ளைத் தூளாக உதிரும். பழைய கருவியை இன்னும் வைத்திருப்பவர்கள் அந்தத் தூளைத் துடைத்துவிட்டுச் சிறிதளவு கிறீஸ் பூசுவதுண்டு. தேய்ந்துபோன பிளாஸ்டிக்கை அது மீட்டுத் தராது. இருப்பது மேலும் தேய்வதைத்தான் குறைக்கும்.

இனிச் செய்யும் முறை. கருவியை நிறுத்தி, வயரைக் கழற்றுங்கள். பற்றரி கழற்றக் கூடியதாயின் அதையும் எடுத்துவிடுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் தோய்த்து, சொட்டாதபடி பிழிந்து, குமிழைச் சுற்றித் துடையுங்கள். 90 வீதத்துக்கு மேற்பட்டது கிடைத்தால் விரைவில் காயும். 70 வீதமானதில் தண்ணீர் கூட இருப்பதால் நீண்ட நேரம் உலர விடவேண்டும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பாகங்களில் அதைப் பூசாதீர்கள். அற்ககோல் என்ற பெயரைக் கேட்டுச் சில சகோதரிகள் தயங்குவது எனக்குத் தெரியும். இது மதுபானத்தில் உள்ள எதனோல் அல்ல, வேறொரு பொருள், குடித்தால் நஞ்சு. அப்படியும் மனம் ஒப்பாதவர்கள் வெளிப்புறத்தை, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்கலாம். உள்ளே தண்ணீர் போகக் கூடாது. ஐசோபுரோப்பைல் சட்டென்று தீப்பற்றும். அடுப்பங்கரையில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். சிறுபிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் போத்தலை வையுங்கள்.

நன்றாக உலர்ந்தபின் குமிழை அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இதுவே போதுமாயிருக்கும். அப்படியும் உராய்வு இருந்தால் மாத்திரம் கடுகளவு சிலிக்கன் கிறீஸ். அதையும் முதலில் மறைவான ஓர் இடத்தில் பூசி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

சகோதரிகளே, விடயம் தெரிந்த அன்று மாலையே நான் அந்த வீட்டுக்குப் போனேன். தாய்க்கு முன்னால் வைத்தே மகனிடம், "தம்பி, பிழை என்னுடையது. எனக்குத் தெரியாத விடயத்தில் தெரிந்தவனைப் போல் பேசிவிட்டேன். உன்னில் ஒரு குற்றமும் இல்லை" என்று சொன்னேன். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுடைய உம்மா ஒன்றும் பேசாமல் அவனைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார். புதிய குமிழுக்கும் மேலுறைக்கும் நானே பணம் கொடுத்தேன். இப்போது வெள்ளிக்கிழமைகளில் வாப்பாவும் மகனும் மீண்டும் விளையாடுகிறார்கள்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன் நின்று பழகிய எங்களுக்கு "எனக்குத் தெரியாது" என்ற சொல் எளிதில் வாயில் வருவதில்லை. அன்று அதைச் சொல்லியிருந்தால் ஒரு பிள்ளை அடியிலிருந்து தப்பியிருக்கும். உங்கள் வீட்டிலும் ஒரு பொருள் பழுதானால், பிள்ளையின் மேல் கையை ஓங்குமுன் அது எப்படிப் பழுதானது என்று கேளுங்கள். எண்ணெய்ப் போத்தலைத் திறக்குமுன், அது எதற்காகச் செய்யப்பட்டது என்று வாசியுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.